400 வோல்ட்டும் ஒரு சந்தனப் பொட்டும்

புத்தளம் கரையில் இரும்புக்கு முதுமை கிடையாது. அதற்கு முன்பே உதிர்ந்துவிடும். சிலாபத்தில் தொடங்கி உடப்பு, முந்தல், பாலாவி, கற்பிட்டி என்று போய்ப் பாருங்கள். கதவுக் கீல், சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் ஒரே வியாதிதான். பாலாவியில் பாத்தி கட்டி, வெயிலில் காயவைத்து உப்பு விளைவிக்கிறார்கள். எங்கள் வீடுகளில் அது எந்தச் செலவுமில்லாமல் விளையும். அலுமாரிக்கு மேல் விரலால் ஒரு கோடு இழுத்து நாக்கில் வைத்தால் கரிக்கும்.

இப்படியான இடத்தில் 400 வோல்ட் ஓடும் பெட்டியொன்றை வைத்துப் பிழைப்பு நடத்தியவர் என் சித்தப்பா. உடப்பில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவர் தொழில். ஊருக்குள் கரண்ட் வராத காலம். மாட்டு வண்டியில் ஜெனரேற்றர் வரும். பின்னால் மரப்பெட்டிக்குள், சத்தத்தைக் கூட்டும் அம்ப் வரும். அதற்கும் பின்னால் நாங்கள் வருவோம். தென்னை மர உச்சியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிவிட்டால் திருவிழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கொடியேற்றம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த அம்ப் வெறும் 30 வாட். இன்றைக்குக் கலியாண வீட்டில் லொறியிலிருந்து இறக்கும் பெட்டிகள் ஆயிரக்கணக்கான வாட் என்கிறார்கள். ஆனால் குழாய் ஸ்பீக்கர் வாங்கிய மின்சாரத்தை மற்ற ஸ்பீக்கர்களைவிடக் குறைவாக வீணாக்கிச் சத்தமாக மாற்றும் சாமான். பாஸ் கிடையாது, இனிமையும் கிடையாது. மனிதக் குரலைக் காற்றில் ஏற்றி அனுப்ப அதை விட்டால் வேறு ஆள் இல்லை. திரௌபதை அம்மன் கோயில் ஆடித் தீமிதிப்புக்குப் போட்ட பாட்டு கடலுக்குள் வள்ளத்தில் இருந்தவனுக்குக் கேட்டது. சித்தப்பாவின் தரப் பரிசோதனையும் அதுதான். வள்ளம் கரை தட்டியதும் மீன் என்ன பட்டது என்று ஊர் கேட்கும். அவர் மட்டும், “என்ன பாட்டு போனது?” என்று கேட்பார். பாட்டின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அம்ப் சுகமாக இருக்கிறது. “ஏதோ சத்தம் வந்தது” என்றால் மறுநாள் காலையில் பெட்டி திறக்கப்படும்.

அந்தத் திறப்பு விழாவுக்கு நுழைவுச் சீட்டு விற்றிருக்கலாம். சித்தப்பா றப்பர் செருப்பைப் போட்டுக்கொள்வார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். நீளமான ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு இரண்டு முனைகளைத் தொடுவார். ‘டப்’ என்று நீலப்பொறி பறக்கும். நாங்கள் கைதட்டுவோம். பேய் இறங்கிவிட்டது என்பார். அந்த ஸ்க்ரூ டிரைவரின் நுனி உருகிப் பல்லுப் பல்லாக இருந்தது. அதை அவர் திருகாணிக்குப் பயன்படுத்தியதை நான் கண்டதில்லை.

பேய் இறங்கியதும் மண்ணெண்ணெய் வரும். பழைய சாரத்துணியை நனைத்து, சேசித் தகரம், டிரான்ஸ்போமர், வயர், வால்வ் என்று எந்தப் பேதமும் பார்க்காமல் துடைப்பார். மூலை முடுக்குக்கு ஈர்க்குக் கட்டு. சத்தத்தைப் பெருக்கும் அந்தக் கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதி ஊதித் துடைத்ததில், ஐரோப்பாவில் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தவை என்ற எழுத்தெல்லாம் முதல் வருடத்திலேயே போய்விட்டன. எல்லா வால்வும் நாடற்ற பிரஜைகள். எது எந்தக் குழியில் என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. ஆயுத பூசை அன்று டிரான்ஸ்போமரின் நெற்றியில் திருநீறு பூசி, ஈரச் சந்தனப் பொட்டும் வைப்பார். ஈரச் சந்தனம் கரண்டைக் கடத்தும் என்று அவருக்குச் சொல்ல யாருமில்லை. சொல்லியிருந்தாலும், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றிருப்பார். அம்மனும் பார்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். சித்தப்பா கிழவராகி, படுக்கையில்தான் இறந்தார்.

அம்பை அவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குப் போட்ட கட்டுப்பாட்டில் வால்வ் கிடைப்பது மாப்பிள்ளை கிடைப்பதை விடக் கஷ்டம். கோயில், தலவிலை அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும் பஸ் கூட்டம், பள்ளிவாசல் கந்தூரி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெட்டிதான். சாம்பிராணிப் புகை மூன்று இடத்திலும் ஒரே மாதிரித்தான் உள்ளே போய்ப் படிந்தது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்தார்கள். கப்பல் கப்பலாக ஜப்பான் கசெட் செட் இறங்கியது. சூடேறக் காத்திருக்க வேண்டாத டிரான்சிஸ்டர் அம்ப் வந்தது. சித்தப்பாவின் பெட்டி பழைய இரும்புக்காரனிடம் நிறுவைக்குப் போனது. டிரான்ஸ்போமருக்குள் இருக்கும் செம்புக்குத்தான் விலை. வால்வுகளைக் கடைக்காரன் வேண்டாமென்று திருப்பித் தந்தான். நாங்கள் அவற்றைக் கடற்கரையில் வரிசையாக வைத்துக் கல்லெறிந்து விளையாடினோம்.

இப்போது என் மருமகன் அப்படியான வால்வுக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்கிறான். கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை. போன வருடம் புத்தளம் டவுனில் பழைய இரும்புக் கடையொன்றில் ஒரு வால்வ் அம்பைக் கண்டுபிடித்து, குழந்தையைத் தூக்கி வருவது மாதிரித் தூக்கி வந்தான். பெயர்த் தகட்டை உப்பு தின்றிருந்தது. உள்ளே எலிக் கூடு, கரப்பான் முட்டை, பச்சை பூத்த செம்பு, அதன் மேல் ஓர் அங்குலக் கடற்கரை.

“இதத்தான் மாமா நீங்க எல்லாம் இரும்புக்குப் போட்டீங்க” என்றான். குற்றச்சாட்டில் நியாயம் இருந்ததால் நான் தேநீர் போடச் சொல்லி உள்ளே போனேன்.

பாவித்த வால்வைத் துடைத்து வேலை வாங்குவது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. இலங்கையின் வானொலியே அப்படித்தான் பிறந்தது. முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கழற்றி, தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1920களில் கொழும்பில் ஒரு பரப்பியைச் செய்து, கிராமபோன் இசைத்தட்டை ஒலிபரப்பிப் பார்த்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இலங்கை வானொலித் தமிழைக் கேட்டு வளர்ந்தோம் என்று தமிழ்நாட்டில் இன்றும் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பெருமைக்கெல்லாம் மூலம் இரண்டாம் கைச் சாமான். அதுவும் உப்புத் தண்ணீருக்குள் கிடந்த கப்பலின் சாமான்.

உப்புக்கும் ஒலிக்கும் எங்கள் கரையில் இருக்கும் உறவே விசித்திரமானது. புத்தளத்தில் 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் மத்திய அலைப் பரப்பி இருக்கிறது. இந்தியாவுக்குக் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் அனுப்பும் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ அதைப் பாவிக்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மத்திய அலை கடலை ஒட்டியபடி சோர்வில்லாமல் வெகுதூரம் போகும். தெற்கே சிலாபத்துக்குப் பக்கத்தில் இரணவிலையில் அமெரிக்காவின் குரல் நிலையம் நூற்றுக்கணக்கான கிலோவாட் சிற்றலைப் பரப்பிகளுடன் நின்றது. அது வரக் கூடாதென்று 1990களில் மீனவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் போராடினார்கள். வந்தது. பிறகு இணையம் வந்து சிற்றலைக்கு ஆள் குறைந்ததும் 2016இல் மூடிவிட்டுப் போனார்கள். 2020இல் அந்த வளவு கொரோனா மருத்துவமனை ஆனது. அளவில் பெரிய அப்படியான சிற்றலைப் பரப்பிகளிலும் கடைசியில் உழைப்பது வால்வுதான். ஆளுயரத்துக்குக் குளிர்ச்சி ஏற்பாடு வேண்டிய வால்வ்.

ஆக, எந்தக் குணத்தால் உப்பு எங்கள் குரலைக் கடல் தாண்டி அனுப்புகிறதோ, அதே குணத்தால்தான் பெட்டிக்குள் புகுந்து அம்பைக் கொல்கிறது. காய்ந்த தூசு பெரும்பாலும் கடத்தாது. உப்புக் கலந்த தூசு மழைக்கால ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு 400 வோல்ட்டுக்கும் சேசிக்கும் நடுவில் ஒரு பாதை போட்டுவிடும். முதலில் கரகரப்பு, பிறகு கருகல் வாசம், பிறகு புகை.

மருமகன் துணியும் ஸ்ப்ரேயுமாக உட்கார்ந்ததைக் கண்டு, நான் புத்தளத்திலிருந்து, எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஒருவரை அழைத்தேன். வானொலி திருத்துவதில் கண் பார்வையைத் தேய்த்தவர். எழுபதைத் தாண்டியும் கை நடுங்காது. வந்தவர் அம்பைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தார்.

“ப்ளக்க குத்திப் பார்த்தீங்களா மகன்?”

“இல்ல நானா. கடையில காலையில குத்திக் காட்டினாங்க. பின்னால இருக்கிற ரெண்டு பெரிய வால்வ் இல்ல, மத்தது எல்லாம் எரிஞ்சது.”

“அப்ப கைய எடுங்க.”

மீற்றரை எடுத்து ஒரு முனையைச் சேசியில் கவ்வவிட்டு, மற்றதைப் பெரிய கப்பாசிட்டரில் வைத்தார். ப்ளக் கழற்றி மணிக்கணக்கான அம்பில் முள் நூறைத் தாண்டி நின்றது. கப்பாசிட்டர் கிணற்றடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டாரை நிறுத்தினாலும் தொட்டி நிரம்பித்தான் இருக்கும். சாதாரணமாக வால்வுகளே அந்த மிச்சத்தைக் குடித்து முடித்துவிடும். குடிக்க வேண்டிய இரண்டு பெரிய வால்வும் இல்லாததால் அப்படியே கிடந்தது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, இரண்டு பக்கமும் உறை போட்ட முதலைக் கவ்விகளுடன் நானா பையில் வைத்திருந்தார். ஒரு கையால் கவ்வவிட்டு எண்ணினார். சில விநாடியில் முள் சத்தமில்லாமல் இறங்கியது. பொறியும் இல்லை, கைதட்டலும் இல்லை. கவ்வியை எடுத்தால் பழைய கப்பாசிட்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏறும் என்று, அதை மாட்டியபடியே விட்டு மறுபடி அளந்தார்.

“சித்தப்பா ஸ்க்ரூ டிரைவரால தொடுவாரே” என்றேன்.

“அது கப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. உருகின ஈயம் தெறிக்கும். ஆனா ஒரு கைய முதுகுக்குப் பின்னால வச்சாரே, அது சரி. ரெண்டு கையும் உள்ளுக்குப் போனா கரண்ட் நெஞ்சைக் குறுக்க வெட்டிட்டுப் போகும்.”

சித்தப்பாவின் முழுப் பாதுகாப்புச் சட்டத்தில் செல்லுபடியான விதி அது ஒன்றுதான். மருமகன் விடவில்லை. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, ஏதும் நடந்தால் அடித்துவிடும் என்றான்.

“அது ரோட்டால வாற கரண்டத்தான் பார்க்கும். டிரான்ஸ்போமருக்கு அங்கால உங்களப் புடிச்சா அதுக்குத் தெரியவே தெரியாது. நீங்க மவுத்தான பொறகும் வீட்டில லைட் எரியும்.”

அதன் பிறகு பையன் வாயைத் திறக்கவில்லை. முகமூடியும் றப்பர் கையுறையும் வந்தன. வேலை முற்றத்தில். முதலில் எலிக் கூடு. அதைக் காய்ந்தபடி தட்டினால் தூசோடு நோயும் பறக்கும் என்று, அந்த இடத்தில் மட்டும் கிருமிநாசினியை லேசாகத் தெளித்து இடுக்கியால் எடுத்தார். அது உலர்ந்த பின் காய்ந்த மிருதுவான பெயின்ட் பிரஷ். ஒரு கையில் பிரஷ், பக்கத்திலேயே வாக்யூம் குழாய். கிளம்பும் தூசு இன்னொரு மூலைக்குப் போகாமல் உள்ளே இழுபட்டது. வெறும் தகரத்தில் ஒட்டிய உப்பை ஆல்கஹால் தொட்ட துணியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். டிரான்ஸ்போமருக்கு ஈரம் காட்டவே இல்லை. அதன் சுருளுக்குள் ஈரம் போனால் காய்வதற்குள் உயிர் போய்விடும். மண்ணெண்ணெயைப் பற்றிக் கேட்டேன். எண்ணெய்ப் படலம் தங்கும், அதில் அடுத்த தூசு ஒட்டும், பழைய றப்பர் வயர் ஊறிப்போகும், மேலே நெருப்பும் பிடிக்கும் என்றார். ஒரே கேள்விக்கு நான்கு பதில். சித்தப்பா உயிரோடு இருந்திருந்தால் நானாவை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

வால்வுக்கு வந்தபோதுதான் காலம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்டேன். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் எந்தக் குழி என்று காகிதத்தில் எழுதினார்கள். அடிப்பகுதியைப் பிடித்து மெல்ல ஆட்டி எடுத்தார்கள். கண்ணாடியில் எழுத்து இருக்கும் பக்கத்தை யாரும் தொடக் கூடாது. அந்த எழுத்து வெறும் மேற்பூச்சு. ஆல்கஹால் வேண்டாம், ஈர விரலே போதும், அழிந்துவிடும். எழுத்து இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. எழுத்தைச் சுற்றி மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, எழுத்தின் மேல் இருந்த அழுக்கை அப்படியே விட்டார்கள். அழுக்குக்குப் பாதுகாப்புக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வால்வின் தலையில் உள்பக்கமாக வெள்ளிபோல மினுங்கும் பகுதியைச் சித்தப்பா பாதரசம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். அது பேரியம். செய்யும்போது உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சிக்கொள்ள ஆவியாக்கி ஒட்டவைத்தது. வெள்ளி மினுங்கினால் உயிர் இருக்கிறது. பால் வெள்ளையாகிவிட்டால் காற்றுப் புகுந்துவிட்டது, துடைத்துப் பலனில்லை. எங்கள் வால்வுகளில் ஒன்று பால் வெள்ளை. காணாமல் போன இரண்டும் அதுவுமாக மூன்று வேண்டும். உலகத்தில் இப்போது பெரிய அளவில் வால்வ் செய்யும் தொழிற்சாலைகளை விரல் விட்டு எண்ணலாம். ரஷ்யாவில் சரத்தோவ், ஸ்லோவாக்கியாவில் ஒன்று, சீனாவில் சில. 1970களில் இறக்குமதித் தடையால் கிடைக்காத சாமான், இப்போது ரஷ்யாவின் போரும் டொலர் விலையும் சேர்ந்து லேசில் கிடைக்காமலிருக்கிறது.

மெழுகு உருகிய பழைய கப்பாசிட்டர்களைத் துடைப்பதில் நானா நேரம் செலவழிக்கவில்லை. வெட்டி எறிந்து புதியது வைத்தார். அவை கசிந்தால் கடைசி வால்வின் தகடு சிவந்து எரியும், கூடவே டிரான்ஸ்போமரையும் கொண்டு போகும். துணி சுற்றிய இரண்டு கம்பி வயர் போய், எர்த் உள்ள மூன்று கம்பி வயரும் சரியான பியூசும் வந்தன. வொல்யூம் குமிழுக்குள் கொன்டக்ட் கிளீனர் ஒரு பீச்சு. அதுவும் ஆல்கஹாலும் முழுதாக ஆவியாகும்வரை ப்ளக்குக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று கட்டளை.

கடைசிச் சோதனைக்கு ஒரு குண்டு பல்ப் வேண்டும் என்றார். 60 வாட், உள்ளே கம்பி எரியும் பழைய பல்ப். அம்பை அந்த பல்பின் வழியாக முதலில் கரண்டில் சேர்க்க வேண்டும். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் அம்ப் நலம். பளிச்சென்றே நின்றால் உள்ளே எங்கோ ஷோட். எரிவது பல்போடு நின்றுவிடும். மிக எளிமையான ஏற்பாடு. ஆனால் முந்தலில் இல்லை, புத்தளத்துக் கடைகளிலும் இல்லை. எல்லா இடத்திலும் எல்.ஈ.டி. சரத்தோவிலிருந்து வால்வ் கிடைத்தது. பல்ப் கிடைக்கவில்லை. கடைசியில் கோழிக்குஞ்சுக் கூட்டில் சூட்டுக்கு எரிந்துகொண்டிருந்த ஒன்றைக் கடன் வாங்கினோம்.

அன்றைக்குக் கரண்ட் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சித்தப்பா ஜெனரேற்றரை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிந்த இதே கரையில், நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டி, 2011இலிருந்து படிப்படியாக ஓடவிட்டிருக்கிறார்கள். அதன் புகைபோக்கியைப் பார்த்தபடியே 2022இல் நாங்கள் ஒரு நாளில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். சித்தப்பா காலத்தில் கரண்ட் இல்லை, அதனால் போகவும் இல்லை.

ஸ்பீக்கரை இணைத்த பிறகுதான் சுவிட்சைப் போடவிட்டார் நானா. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வ் அம்பை ஓட்டினால் வெளியேறும் வழியில்லாத சக்தி டிரான்ஸ்போமரையே சுட்டுவிடும். பல்ப் எரிந்து மங்கியது. வால்வுகள் மெல்லச் சிவந்தன. மருமகன் கைபேசியிலிருந்து ஒரு பாட்டை விட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தம் பக்கத்து அறைக்குப் போகவில்லை.

கூட்டலாமே என்றேன். கூட்டினால் நயம் போய்விடும் என்றான். கொழும்பில் அதற்கென்று தனி அறை, கனத்த திரை, ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் எல்லாம் ஏற்பாடாம். ஒரே ஒரு கதிரை. இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போட்டால் சட்டம் வேறு. உயர் நீதிமன்றம் 2007இல் ஒரு வழக்கில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாதென்று கட்டுப்பாடு போட்டது. தீமிதிப்புக்கு விடிய விடிய அலறிய குழாய்களின் கீழே தூங்கிப் பழகிய எனக்கு அந்தத் தீர்ப்பில் குறையில்லை. கணக்குத்தான் உதைக்கிறது. சித்தப்பாவின் அம்ப் ஓர் ஆளுக்கு ஆபத்தாக இருந்து ஊர் முழுவதுக்கும் பாடியது. மருமகனின் அம்ப் யாருக்கும் ஆபத்தில்லாமல் ஓர் ஆளுக்குப் பாடுகிறது. அம்ப் நல்லதா என்று அவர் கடலுக்குள் போனவனைக் கேட்டார். இவன் கதிரையில் இருக்கும் தன்னையே கேட்டுக்கொள்கிறான்.

கோயிலுக்கு இப்போது சிலாபத்திலிருந்து லொறியில் செட் வருகிறது. மடிக்கணினி வைத்துத்தான் இயக்குகிறார்கள். உப்பு அதையும் தின்கிறது. ஆனால் கெட்டால் யாரும் துடைப்பதில்லை. பலகையை மாற்றுகிறார்கள், இல்லாவிட்டால் பெட்டியையே மாற்றுகிறார்கள்.

நானா கருவிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கையில், இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்று மருமகன் கேட்டான்.

“வருஷத்துக்கு ஒருக்கா போதும் மகன். ஆயுத பூசைக்கு மொத நாள் வச்சுக்கோங்க, மறக்காது. பொட்டு வைக்கிறதா இருந்தா மேல் மூடியில வையுங்க, டிரான்ஸ்போமர்ல வேணாம். நல்லாக் காஞ்ச பொறகு ப்ளக்க குத்துங்க.”